ஒரே இல்லம், இரு பூட்டுகள்



இல்லச் சந்திப்புக்கு வரும் பங்குத்தந்தையிடம், "பிள்ளை படிப்பதில்லை" என்று முறையிடுவது முன்னாளைய வழக்கம். இந்நாளில் முறையீடு வேறு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, பாடம் கேட்பதற்கென்று பிள்ளைகளின் கையில் கொடுத்த கைப்பேசி, பள்ளிகள் திறந்த பின்னரும் அவர்கள் கையைவிட்டு இறங்கவில்லை. இதனைக் கட்டுப்படுத்த வழியுண்டா என்று கேட்கின்றனர். வழியுண்டு. ஆனால், ஒரே வீட்டில் இருவகைக் கைப்பேசிகள் இருக்குமாயின் வழியும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

நம் பாடி ஆலைத் தொழிலாளர் நிறைந்த ஊர். இங்கே நான் அறிந்த ஓர் இல்லத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தந்தைக்கு மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்டு. அவரிடமும் தாயிடமும் இருப்பவை ஆண்ட்ராய்டு கைப்பேசிகள். தாயின் பழைய கைப்பேசி, 12 வயது மகனுக்கு வந்தது. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கோ துபாயிலிருந்து வந்த தாய்மாமன் ஐபோன் ஒன்றைப் பரிசளித்துவிட்டார்.

தந்தை, கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' என்னும் செயலியைத் தம் கைப்பேசியில் நிறுவி, மகனின் கைப்பேசியை அதனோடு பிணைத்தார். இரவு 9 மணிக்கு அது தானே பூட்டிக்கொள்ளும். புதிய விளையாட்டு ஒன்றை இறக்க வேண்டுமாயின் தந்தையின் அனுமதி வேண்டும். அதே ஏற்பாடு மகளுக்கும் போதும் என்று எண்ணினார், போதவில்லை. ஐபோனில் அச்செயலி பிள்ளையின் கூகுள் கணக்கை ஓரளவு ஆளுமேயன்றி, கைப்பேசியின் நேரத்தை ஆளாது. ஐபோனுக்கு உரியது, ஆப்பிள் நிறுவனம் 2018-இல் கொணர்ந்த 'ஸ்கிரீன் டைம்'. அதனைத் தொலைவிலிருந்து நடத்தப் பெற்றோரிடமும் ஆப்பிள் கருவி இருத்தல் வேண்டும். பெற்றோரிடம் ஐபோனும் பிள்ளையிடம் ஆண்ட்ராய்டும் இருந்தால் இத்தொல்லை இல்லை. ஃபேமிலி லிங்க் பெற்றோரின் ஐபோனிலும் இயங்கும். பூந்தமல்லியைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றால் திருப்பெரும்புதூர். அங்கே ஐபோன்கள் உருவாகின்றன. நம் வாசலருகே பிறந்தும், அவை நம் வீட்டு ஆண்ட்ராய்டின் சொல்லைக் கேட்பதில்லை!

"அக்காவுக்கு மட்டும் ஏன் பூட்டு இல்லை, ஃபாதர்?" என்று அச்சிறுவன் என்னிடம் வினவினான். இரு நிறுவனங்களுக்கிடையே உள்ள வேற்றுமை, அவன் கண்ணுக்குத் தந்தையின் ஓரவஞ்சனையாகத் தோன்றிற்று. 9 மணிக்குமேல் அக்காளின் ஐபோனை வாங்கி விளையாடவும் தொடங்கிவிட்டான்.

தந்தைக்கும் ஓர் ஐபோன் வாங்கிவிடலாம் என்றார் உறவினர் ஒருவர். கூலி வாங்கி வாழும் குடும்பத்துக்கு அது வீண் செலவு. மகளின் ஐபோனிலேயே ஸ்கிரீன் டைமைத் திறந்து, நேர வரம்பையும் செயலிகளின் வரம்பையும் குறித்து, தனிக் கடவு எண் ஒன்றை இட்டுவிடலாம். அவ்வெண் பெற்றோருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். பிறந்த தேதியாகவோ, கைப்பேசியைத் திறக்கும் எண்ணாகவோ இருத்தல் ஆகாது. ஆனால் இதனைப் பிள்ளை உறங்கும் வேளையில் செய்யாதீர்கள். 16 வயதுப் பெண் விடிந்ததும் அறிந்துகொள்வாள். அதன்பின் எதையும் உங்களிடம் சொல்லமாட்டாள். அவள் அருகிலிருக்க, எதற்கு எவ்வளவு நேரம் என்று பேசியே செய்யுங்கள்.

அவ்வில்லத்தில் அப்படியே செய்தனர். கணக்கைத் தொலைவிலிருந்து பார்க்க இயலாமையால், ஞாயிறுதோறும் தந்தை மகளருகே அமர்ந்து, அவள் கைப்பேசியிலேயே அவ்வாரக் கணக்கைப் பார்க்கிறார். அரைமணி நேரம் ஆகிறதாம். பேச்சு கைப்பேசியோடு நிற்பதுமில்லையாம். மகன் காரியமோ வேறு. ஆலையில் தேநீர் இடைவேளையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அவன் கைப்பேசி பூட்டப்பட்டுவிடும். அவனிடம் ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை. எளிதான பூட்டு எனக்கு அவ்வளவாக மனநிறைவு தரவில்லை. இப்போது மகனையும் ஞாயிறன்று அருகில் அமர்த்திக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறேன்.

வைஃபையை 9 மணிக்கு நிறுத்தினால் இருவகையும் அடங்குமே என்பர் சிலர். சிம் அட்டையில் டேட்டா இருக்கும்வரை அது பயன் தராது. வயதைப் பற்றியும் குழப்பம் உண்டு. 13 வயதானால் பிள்ளை தானே கூகுள் கணக்குத் தொடங்கலாம். நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது.

கருவிகள் இரண்டாயினும் அவ்வில்லத்தில் இப்போது விதி ஒன்றே. இரவு 9 மணிக்கு இரு கைப்பேசிகளும் கூடத்து அலமாரியின்மேல் சார்ஜில் இருக்க வேண்டும். "அப்பாவுடையதும் அம்மாவுடையதும்?" என்று கேட்டானாம் சிறுவன். ஆலையிலிருந்து அழைப்பு வரும் என்கிறார் தந்தை, அதுவும் மெய்யே. அதைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. தாயின் கைப்பேசி மட்டும் சென்ற வாரம் முதல் அலமாரிக்கு வந்துவிட்டதாம்.