புளியமரத்துக் கோழி

தை 20

நாலு நாளாகக் கண்ணில் படாத கோழி இன்றைக்குக் கிடைத்துவிட்டது. சோளத்தட்டைப் படப்பின் தெற்குப் பக்கம், மாட்டுக்கு உருவி உருவிக் குடைந்துபோன பொந்துக்குள் அடை கிடக்கிறது. தட்டை இழுக்கக் கை நீட்டிய அம்மாவுக்குப் புறங்கையில் ஒரு கொத்து. "அடி காட்டுக்காரி, இங்கயா கெடக்க?" என்றாள், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

யாருக்கும் சொந்தமில்லாத கோழி இது. பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்த்தவர்கள் காலிசெய்து போன அன்று, பிடிபடாமல் புளியமரத்தில் ஏறிக்கொண்டது. மூன்று வருசமாக ராத்தங்கல் அந்தக் கிளையில்தான். பகலில் எங்கள் குப்பைமேட்டைக் கிளறும். பத்தடிக்குள் ஆள் போனால் பறந்துவிடும். கீரி நிறம், மஞ்சள் கால். விடியற்காலையில் வருசநாட்டு மலைப் பக்கமிருந்து காட்டுக்கோழிச் சேவலின் கூவல் காற்றுவாக்கில் வரும். வீட்டுக்கோழிக்கு மூலம் வடக்கே உள்ள சிவப்புக் காட்டுக்கோழிதான் என்றாலும், மஞ்சள் தோலுக்கான மரபணு நம் மலைகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தார்கள். இதன் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மலை நினைவுக்கு வரும்.

தை 21

முட்டையோடு தூக்கிவந்து பஞ்சாரத்துக்குள் வைத்துவிடலாமா என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள். போன வருசம் நான் செய்தது அதுதான். பட்டப்பகலில், வேலியோரத்தில் அடை கிடந்ததைச் சாக்கைப் போட்டுப் பிடித்து, கூடையில் முட்டைகளை அடுக்கி, திண்ணையில் வைத்துப் பஞ்சாரத்தைக் கவிழ்த்தேன். உள்ளே முட்டி மோதி இரண்டு முட்டையை மிதித்து உடைத்தது. திறந்ததும் புளியில் ஏறியது. திரும்பி வரவே இல்லை. மீதி ஏழும் ஆறிப்போயின. உடைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. அந்த ஏழு உயிருக்கும் நான்தான் பொறுப்பு.

இந்த முறை கோழி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இனி வடக்குப் பக்கமிருந்துதான் மாட்டுக்குத் தட்டை உருவ வேண்டும்.

தை 25

தினமும் பதினோரு மணி வாக்கில் ஒருமுறை இறங்குகிறது. முதலில் பெரிதாக, நாற்றமடிக்கும் ஒரு எச்சம். ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்தது. பிறகு அவசர அவசரமாகத் தீனி, தண்ணீர், அடுப்புச் சாம்பல் கொட்டும் இடத்தில் ஒரு புரளல். சாம்பலில் புரண்டால் கோழிப்பேன் உதிரும். மொத்தம் கால் மணி நேரம்கூட இல்லை, மறுபடி பொந்துக்குள்.

கம்பும் தண்ணீரும் அந்தச் சாம்பல் குழிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பொந்து வாயில் வைப்பது அக்கறைபோலத் தெரியும். ஆனால் சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்குச் சாரை வரும்; வந்தது முட்டையை விடாது.

இறங்கிய நேரத்தில் எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு முட்டைகள். தொடவில்லை.

தை 28

படப்பின் அந்தப் பக்கம் வேலிக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டேன், கோழி நுழைய மட்டும் ஒரு சந்து விட்டு. சுற்றிலும் சாம்பல் கோடு இழுத்தேன், எறும்புக்காக. ஓடு உடையும் நேரத்தில் செவ்வெறும்பு ஏறினால், ஈரக் குஞ்சு வெளியே வருவதற்குள் தின்றுவிடும். அப்பத்தா இருந்திருந்தால் பொந்துக்குள் ஒரு இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் போடச் சொல்லியிருக்கும், இடிச் சத்தத்தில் கரு கலங்காமல் இருக்க. இரும்புக்கும் இடிக்கும் என்ன தொடர்போ, அம்மா ஒரு பழைய லாடத்தை முள்ளுக்குள் வைத்துவிட்டாள். நான் எடுக்கவில்லை.

மாசி 7

ராத்திரி படப்பில் காதை வைத்துக் கேட்டேன். ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சுகள் கத்துகின்றன. தாய் மிக மெல்ல, தொண்டைக்குள்ளேயே பதில் சொல்கிறது. வெகு நேரம் நின்றேன்.

மாசி 9

நேற்றும் இன்றும் கோழி வெளியே வரவில்லை. குஞ்சுகள் பட்டினி கிடக்குமே என்று பயப்பட வேண்டியதில்லை. பொரிக்கும் முன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். பிந்திப் பொரிக்கிறவற்றுக்காகத் தாய் காத்திருக்க முடிவது அதனால்தான்.

மாசி 10

பத்துக் குஞ்சுகளோடு இறங்கியது! பொந்தில் இரண்டு முட்டைகள் மீதி. ஒன்று கூமுட்டை. இன்னொன்றில் முழுக் குஞ்சு, ஓட்டைக் கொத்தத் தொடங்கி அப்படியே செத்திருந்தது.

தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றினேன், குஞ்சு விழுந்து முங்காதபடி. அரிசிக் குருணையும் கம்பும் வைத்தோம். அதைவிட நல்ல தீனி கறையான்தான். பழைய பானையில் காய்ந்த சாணியும் ஓலைத் துண்டும் ஈரச் சாக்கும் திணித்து, சாயங்காலம் வரப்போரம் கவிழ்த்து வைத்தால் விடியும்போது கறையான் மண்டியிருக்கும். தட்டிவிட்டு விலகிவிடுவேன். தாய் ஒன்றைக் கொத்தி, தின்னாமல் கீழே போட்டு, அடுக்கடுக்காகக் கூப்பிடுகிறது. பத்தும் ஓடி வருகின்றன.

சாயங்காலம் ஒரு பெரிய கவலை வந்தது. மூன்று வருசமாக மரத்தில் தூங்கிய கோழி இன்றைக்குத் தரையில், படப்பை ஒட்டி, குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. குஞ்சுகளுக்கு ஏறத் தெரியாதே. இந்தப் பக்கம் ராத்திரியில் மரநாயும் வெருகும் சுற்றும்.

"நீ கைய வைக்காத சாமி," என்றாள் அம்மா. நன்றாக இருட்டியதும் பஞ்சாரத்தைத் தூக்கிப் போய், உட்கார்ந்திருந்த கோழியின் மேலேயே சத்தமில்லாமல் கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியை வைத்தாள். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. ஒரு சின்ன முனகல், அவ்வளவுதான். போன வருசம் நான் கோழியைப் பஞ்சாரத்துக்குக் கொண்டுபோனேன். அம்மா பஞ்சாரத்தைக் கோழிக்குக் கொண்டுபோனாள்.

விடியும் முன் நான் போய் எடுத்துவிட வேண்டும். அடைபட்டிருந்தது அதற்குத் தெரியவே கூடாது.

மாசி 12

ஒன்பது. களத்து மேட்டில் வெட்டவெளியில் மேய்ந்தபோது வல்லூறு தூக்கிவிட்டது. தாய் இழுத்துக் குரல் கொடுத்தது, எல்லாம் அப்படியே பதுங்கின. ஆனால் புகுந்துகொள்ள ஒரு மறைப்பு இல்லை. குற்றம் என்னுடையது. மத்தியானம் முழுக்க முள் வெட்டி, பத்துப் பத்து நடைக்கு ஒரு குவியலாகப் போட்டேன், குஞ்சு ஓடி நுழைகிற மாதிரி அடியில் இடம் விட்டு.

மாசி 15

பொரித்து ஏழாம் நாள். வெள்ளைக் கழிச்சலுக்குச் சொட்டு மருந்து. கால்நடை மருந்தகத்திலிருந்து பிளாஸ்கில் ஐஸ் போட்டு வாங்கி வந்தேன். ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு. கரைத்துவிட்டால் சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் தெருவில் பெரியம்மா வீட்டுக் குஞ்சுகளுக்கும் சேர்த்துப் போட்டோம். இதுகளுக்கு ராத்திரி, பஞ்சாரத்தின் விளிம்பைத் தூக்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒரு சொட்டு. எட்டாவதை எடுக்கும்போது தாய் என் கட்டைவிரலைக் கிழித்தது. அந்த நோய் புகுந்த தெருவில் ஒரு வாரத்தில் சேவல் கூவல் அற்றுப்போனதைப் பார்த்திருக்கிறேன். விரல் ஆறிவிடும்.

மாசி 19

எட்டு. கீரி. பட்டப்பகலில், வாய்க்கால் கரையில். நான் கல்லோடு ஓடுவதற்குள் கோழி அதன் முகத்தில் பாய்ந்துவிட்டது. வாலில் பாதி இறகைக் காணோம். ஆனாலும் ஒரு குஞ்சை இழந்தோம்.

மாசி 26

வல்லூறு வந்தது. தாய் குரல் கொடுத்த மறுகணம் எட்டும் முள்ளுக்கடியில். வல்லூறு வேப்பங்கிளையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது. முள்ளைப் போட்ட பிறகு மேலேயிருந்து ஒன்றையும் இழக்கவில்லை.

பங்குனி 3

சாயங்காலம் கோழி முருங்கையின் தாழ்ந்த கிளையில் ஏறி நின்று கூப்பிட்டது. ஆறு குஞ்சுகள் தத்தி ஏறிவிட்டன. இரண்டு கீழே நின்று கத்த, தாய் இறங்கி வந்தது. மறுபடி எல்லாம் தரையில். பஞ்சாரம் கவிழ்த்தோம். நாளைக்கு ஒரு மூங்கிலைச் சாய்த்து வைக்க வேண்டும்.

பங்குனி 9

மூங்கில் வழியாக முருங்கை, முருங்கையிலிருந்து புளி. இருட்டிய பின் டார்ச் அடித்து எண்ணினேன். பழைய கிளையில் தாய். இறக்கைக்குள் கொள்ளாமல் இரண்டு பக்கமும் வரிசையாக எட்டு.

காலையில் அம்மா தெற்குப் பக்கத்துத் தட்டையை உருவத் தொடங்கினாள்.