தராசில் ஏறிய கப்

வெலிமடை டவுனில் காய்கறி லொறிகள் மூட்டை ஏற்றும் தெருவில் இருக்கிறது அந்தப் பேக்கரி. போறணையில் விறகு எரிந்து தணலாகும்வரை அங்குள்ளவர்களோடு பேச நேரம் கிடைத்தது.

மூத்த தொழிலாளிக்கு எல்லாமே நிறுவைதான். 50 கிலோ மூட்டை மாவுக்குத் தண்ணீர் 30 கிலோ, உப்பு 1 கிலோ, ஈஸ்ட் அரைக் கிலோ. தண்ணீரையும் தராசில்தான் வைக்கிறார். "மாவ நூறுன்னு வச்சுக்கங்க. மத்ததெல்லாம் அத வச்சுத்தான் கணக்கு." பிசைந்த மாவை 510 கிராம் துண்டுகளாக வெட்டிப் போடுகிறார். வேகும்போது 60 கிராம் அளவுக்கு ஈரம் போய், 450 கிராம் பாண் நிற்கும். ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 160 பாண். 2024இல் நுகர்வோர் அதிகார சபை முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என்று வர்த்தமானியில் அறிவித்தது. முழுப் பாணில் 13.5 கிராம் வரைதான் குறையலாம். துண்டில் 20 கிராம் குறைத்து வெட்டினாலே அந்த எல்லை தாண்டிவிடும்.

அவருடைய தம்பி மகள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தநாள் கேக் ஓடர் எடுத்துச் செய்கிறாள். ஃபோனில் வீடியோ பார்த்துப் பழகியவள். அங்கே எல்லா அளவும் கப்பில். ஒரே குறிப்பில் செய்தாலும் ஒரு நாள் கேக் பஞ்சுபோல வருகிறது, மறுநாள் மேலே வெடித்து வறண்டு போகிறது. "பெரியப்பா, இத கிராமுக்கு மாத்தித் தாங்க" என்று 240 மில்லிலீட்டர் கப்பும் கொப்பியுமாக வந்திருந்தாள்.

அவர் வாயால் பதில் சொல்லவில்லை. சலித்த மாவைக் கரண்டியால் அள்ளி நிரப்பி, மேலே வழித்து நிறுத்தார்: 118 கிராம். கப்பை நேராக மூட்டைக்குள் விட்டு மொண்டார்: 146. மேசையில் தட்டித் தட்டி நிரப்பியபோது 160ஐத் தாண்டியது. சலிக்கும்போது மாவுக்குள் காற்றுப் புகுகிறது, தட்டும்போது வெளியேறுகிறது. மூன்று கப் போடும் கேக்கில் இந்த வித்தியாசம் 120 கிராமுக்கு மேல் போகும். சீனி அப்படியில்லை; எப்படி அள்ளினாலும் கப்புக்கு ஏறத்தாழ 200 கிராம்தான்.

ஆகவே, ஒரு கப் மா இத்தனை கிராம் என்று எல்லாக் குறிப்புக்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. வீடியோவில் அந்தக் கை மாவை எப்படி அள்ளுகிறது என்று பார்த்தே மாற்ற வேண்டும்: சலித்து நிரப்பினால் 120, மொண்டால் 145. நம் ஊர் பட்டர் கேக்குக்கு இந்தச் சிக்கலே இல்லை. மா, சீனி, பட்டர் மூன்றும் ஓர் இறாத்தல் என்றுதான் பழைய கொப்பிகளில் இருக்கும்.

லயத்து வீடுகளில் ரொட்டிக்கு மா அளப்பது டின்பால் பேணியால். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரொட்டி மாவு கையில் ஒட்டினால் இன்னும் ஒரு பிடி மா தூவலாம், இறுகினால் தண்ணீர் தெளிக்கலாம். கேக்கில் பட்டரும் சீனியும் முட்டையும் அடித்து முடிந்த பிறகுதான் மா சேர்கிறது. அதற்குமேல் கை திருத்த இடமில்லை.

கொழுந்து பறிக்கும் அவள் அம்மாவும் கூட வந்திருந்தார். வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து, பொத்தானை அழுத்தி எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்ததும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "சாக்குக்குக் கழிக்கிற மாதிரி. கொழுந்து நிறுக்கிற எடத்துல சாக்குக்குக் கழிப்பாங்க, தண்ணிக்குன்னு கழிப்பாங்க. எத்தன கிலோ கழிச்சாங்கன்னு நமக்குத் தெரியாது." மகளை விலக்கிவிட்டு அந்தப் பொத்தானைத் தானே இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். பறித்தவர் கண்ணுக்கு நேரே எண் தெரியவேண்டும் என்பது தோட்டங்களில் நெடுநாளாகக் கேட்கப்படும் நியாயம். அது இன்னும் எல்லா மலையிலும் கிடைத்துவிடவில்லை.

பனி மூடிய நாட்களில் மா ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தராசு அந்த ஈரத்தையும் மாவாகவே காட்டும். அதனால் பாணுக்குத் தண்ணீரை முழுக்க ஊற்றாமல் ஒரு கிலோவை ஒதுக்கி வைத்து, பிசையும் பதம் பார்த்தே சேர்க்கிறார் பெரியவர். கேக்குக்கு மாவைக் காற்றுப் புகாத டின்னில் மூடி வைக்கச் சொன்னார். அவள் கொப்பியில் 'மா' என்று இருந்த இடங்களிலெல்லாம் கப்பை அடித்துவிட்டுக் கிராம் எழுதினாள். முட்டை என்ற வரியில் பேனா நின்றது.

"அதையும் உடைச்சு நிறு. ஒண்ணு நாப்பதும் வரும், அறுபதும் வரும்" என்றார் பெரியவர்.