ஒன்றுபோல் தோன்றும் பட்டுப்பூச்சிகள்

பட்டு என்றதும் நம்மவர் உள்ளத்தில் எழுவது காஞ்சிபுரம். முசுக்கட்டை இலையைத் தின்று, மனிதர் கையிலேயே வளர்ந்து, பறக்கும் ஆற்றலையும் இழந்துவிட்ட ஒரு வெண்ணிறப் பூச்சியின் கொடை அது. ஆனால், அசாமில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட எனக்குப் பட்டு என்றால், மழைக்கால இரவுகளில் தாழ்வாரத்து விளக்கை நாடி வரும் பெரிய அந்துப்பூச்சிகளே நினைவுக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவது மிக எளிது.

இனம் பிரித்தறிய விரும்புவோர் முதலில் நோக்க வேண்டுவது நிறத்தை அன்று. இறக்கையின் நடுவே செதில்கள் இன்றிக் கண்ணாடிபோல் விளங்கும் சாளரத்தை. அது வட்டமாயின் தசர், முகா ஆகியவற்றின் குடும்பம், பிறை வடிவாயின் எரி, முக்கோணமாயின் அட்லஸ். அடுத்து உணர்கொம்பைக் காண வேண்டும். ஆணுக்கு அது அகன்ற இறகுபோல் இருக்கும், பெண்ணுக்கு ஒடுங்கியிருக்கும். தசரில் ஆண் செங்கல் நிறம். பெண் மஞ்சளாகவோ சாம்பலாகவோ இருக்கும். கொம்பைப் பாராதவர் அவற்றை இரண்டு இனங்கள் என்றே சாதிப்பர்.

இதற்கு நேர்மாறானது அட்லஸின் கதை. இறக்கை விரித்தால் ஒரு சாணுக்கும் மிகும் இப்பூச்சியின் இறக்கை நுனி பாம்பின் தலையை ஒத்திருக்கும். வாய் பயன்படாதாகையால், புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே சில நாள் வாழ்ந்து மடியும். வடகிழக்கு மலைகளில் இதனோடு எட்வர்ட்ஸ் அட்லஸ் என்னும் மற்றொன்றும் உண்டு. முன்னது செம்பழுப்பு, பின்னது இருண்ட பழுப்பு, வயிற்றில் வெண்வளையங்கள் உடையது. முதற்பார்வைக்கு ஒன்றே எனத் தோன்றினும் இவை வெவ்வேறு.

ஓரிரவு சுவரில் அட்லஸ் ஒன்று வந்து அமர்ந்தபோது, அசாமிலேயே பிறந்து வளர்ந்த என் மகள், "அப்பா, நம் ஊரிலும் இது உண்டா?" என்று கேட்டாள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அட்லஸ், நெடுங்காலம் இதன் கிளையாகவே எண்ணப்பட்டது. இன்று தனி இனமாகக் கொள்ளப்படுகிறது. இலங்கையின் பழைய கிரேக்கப் பெயரை ஒட்டி அதற்குத் 'தப்ரோபானிஸ்' என்று பெயர். இதைச் சொன்னேன். "அப்படியானால் அதுவும் இதுவும் உறவா, வேறா?" என்றாள். "உறவுதான், அம்மா, ஆனால் வேறு" என்றேன். அவள் அந்தப் பூச்சியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது பூச்சியைப் பற்றி மட்டுந்தானா என்று இன்றளவும் எண்ணிப் பார்க்கிறேன்.

இங்குள்ள பட்டுப்பூச்சி வளர்ப்போர் இறக்கையை நோக்கி நிற்பதில்லை. மரத்தையும் கூட்டையும் கேட்பார்கள். முகா, சோம் மரத்திலும் சோவாலு மரத்திலும் வளர்வது. சார்க்கண்டுக் காடுகளின் தசருக்கு உகந்தவை நம் மருதமும் கருமருதும். எரிக்கு ஆமணக்கு, அசாமிய மொழியில் ஆமணக்குக்கு 'எரா' என்று பெயர். தசர்க் கூடு உறுதியான காம்பினால் கிளையை வளையமிட்டுத் தொங்கும். முகாக் கூட்டுக்கு அத்தகைய காம்பில்லை. எரிக்கூட்டின் ஒரு முனை திறந்தே இருக்கும். தசரும் முகாவும் உடன்பிறப்புகள்போல் தோன்றினும், முன்னதன் விந்தணுவில் குரோமோசோம்கள் 31, பின்னதில் 15 என்பது ஆய்வாளர் முடிவு.

இது வெறும் புலமைச் செய்தி அன்று. முகாவின் பொன்னிறம் இயற்கையானது, விலையும் மிகுதி. சாயமேற்றிய தசரை முகா என்று விற்போர் உண்டு. அசாம் முகாவுக்கு 2007-இல் புவிசார் குறியீடு கிடைத்தமையால், அந்தப் பெயருக்குச் சட்டத்தின் காவல் உண்டு. எனினும், வாங்குபவர் கண் வேறுபாட்டை அறியாவிடில், மரத்தடியில் பறவைகளையும் குளவிகளையும் ஓட்டிக் காவலிருந்தவனின் உழைப்பு வீணாகிவிடும்.

விந்தியத்துக்குத் தெற்கேயிருந்து வந்த அனைவரையும் இங்கே 'மதராசி' என்பர். தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் கன்னடியரும் அவர்களுக்கு ஒன்றே. அசாமியரையும் வங்காளியரையும் போடோக்களையும் காசியரையும் நம் ஊர்த் திண்ணையில் 'வடக்கத்தியார்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவதும் அதே பார்வைதான். நாம் வந்து வாழும் மண்ணில் எந்த மரத்தில் எது வளர்கிறது என்று நம் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். அவ்வாறு அறிந்தவர்களிடம், மருத மரம் எங்கள் ஊரில் ஆற்றங்கரையில் நிற்கும் என்று நாமும் சொல்லலாம். அவர்களுக்கு அது விளங்கும்.