துருவின் கீழே

பழைய இரும்புக் கடையின் மூலையில் இழைப்புளி ஒன்றும் உளிகள் மூன்றும் கிடந்தன. தச்சர் ஒருவர் காலமானபின் மக்கள் எடைக்குப் போட்டுச் சென்றவையாம். ஸக்கரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராயிருந்தார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. அத்தொழிலின் கருவிகள் உலைக்குப் போக மனம் ஒப்பவில்லை; குர்ஆன் வைத்தோதும் ரிஹால்களைச் செப்பனிடவும் உதவுமென வாங்கி வந்தேன்.

துரு நீக்கப் புளிக்கரைசலே போதும். அதன் அமிலம் துருவைக் கரைக்கும். நெடுநாள் விட்டால் எஃகையும் அரிக்கும். ஓரிரவு ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து உடனே எண்ணெய் பூசினேன். (அடுக்களையில் புளி குறைந்தது பற்றி எழுந்த விசாரணை தனிக் கட்டுரைக்குரியது.)

மின்சாணையில் பிடித்தால் நொடியில் முடியுமே என்றான் மகன். விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். பிறகு அது உளியன்று, வெறும் தகடு. நீர் தெளித்துக் கல்லிலேயே தீட்டினேன். முதலில் பின்புறம் சமமாகவேண்டும். நுனியில் அங்கே துருக்குழி இருப்பின் கூர் நில்லாது.

ஓர் உளியின் பிடியில் பெருவிரல் தேய்த்த பள்ளம் இருந்தது. புதுப்பிடி போடச் சொன்னார்கள். முகமறியாத ஒருவரின் ஆயுட்கால உழைப்பு அது. எண்ணெய் தடவியதோடு விட்டேன்.

மூன்றாவது உளியில் குழி நுனிவரை ஓடியிருக்கிறது. இன்னும் ஒரு நெல்லளவு தேய்க்கவேண்டும். நாளை அஸருக்குப் பின் உட்காரவேண்டும்.