எண்ணே பெயரான ஏரி

கனடா நாட்டின் வரைபடத்தைச் சற்று விரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒண்டாரியோ மாகாணத்தின் வடமேற்கு மூலையில் கெனோரா என்றொரு சிறு நகரம் தென்படும். அங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் காடு, காட்டுக்குள் ஏரி, ஏரியைக் கடந்தால் மீண்டும் காடு. அனிஷினாபே எனும் பூர்வகுடி மக்களின் நிலம் இது. 1873-ல் அரசு அவர்களோடு செய்துகொண்ட மூன்றாம் உடன்படிக்கையின் எல்லைக்குள் அடங்கியது. இங்குள்ள ஏரிகளை எண்ணி மாளாது. பெயர் சூட்டிக் களைத்தனரோ என்னவோ, அறிவியலார் பலவற்றை எண்களாலேயே அழைக்கின்றனர். நாம் காணவிருப்பது 226-ஆம் எண் ஏரி.

பரப்பு நாற்பது ஏக்கர்தான். இரண்டு குளங்களை ஓர் ஒடுங்கிய கழுத்து இணைத்தாற்போன்ற வடிவம். கரையில் நெருங்கி நிற்பவை ஸ்ப்ரூஸ், பைன், வெண்பட்டை உரியும் பிர்ச் மரங்கள். இவற்றுள் ஜாக் பைன் விந்தையானது. அதன் காய்களைப் பிசின் இறுக மூடியிருக்கும். காட்டுத் தீயின் வெம்மை பட்டால்தான் அவை விரிந்து விதை சிந்தும். லூன் எனும் நீர்ப்பறவையின் நெடிய ஓலம் இரவில் நீர்மேல் மிதந்து வரும். கோடையில் கொசுக்களும் கருநிற ஈக்களும் படுத்தும் பாட்டைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது!

அடித்தளம் 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறை. ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பின்வாங்கிய பனிப்பாளம் அதனைச் சுரண்டிக் குழித்ததால் பிறந்தவையே இவ்வேரிகள். பாறை எளிதில் கரையாது. மேலுள்ள மண்ணோ மெல்லிய போர்வை. எனவே நீரில் சத்து மிகக் குறைவு. சதுப்பு நிலத்து நீர் வந்து கலக்குமிடத்தில் மட்டும் தேநீரின் சாயல் தெரியும்.

நவம்பர் வாக்கில் ஏரி உறைந்துவிடும். மே மாதம் வரை வெண்தளம்தான். ஆயினும் அடியில் மீன்கள் உயிர் வாழ்கின்றன. நீர் 4 பாகை செல்சியஸில் மிகுந்த அடர்த்தி பெற்று அடியில் தங்குகிறது. அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. படைத்தவனின் இந்த ஏற்பாடு மட்டும் இல்லையெனில் ஏரி அடியிலிருந்தே உறைந்திருக்கும்.

இத்தகைய தூய ஏரியைத் தேடி அறிவியலார் வரக் காரணம் நம் வீட்டுச் சலவைத்தூள் என்றால் வியப்பீர்கள். 1960-களில் ஈரி முதலிய பேரேரிகளில் பச்சைப் பாசி பெருகி நீர் நாறியது. சலவைத்தூளின் பாஸ்பேட்தான் குற்றவாளி என்றனர் சிலர். இல்லை, கார்பன்தான் என வாதிட்டது தூள் தயாரிப்போர் தரப்பு. வீடுகளோ வயல்களோ சூழாத ஏரிகளில்தான் உண்மை பிடிபடும். அதற்கென 1968-ல் இப்பகுதி ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டது. டேவிட் ஷிண்ட்லர் பணியை முன்னின்று நடத்தினார்.

1973-ல் 226-ஆம் ஏரியின் கழுத்தில் ஒரு திரையைக் கட்டி நீரை இரண்டாகப் பிரித்தனர். இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். வடகிழக்குப் பாதியில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தனர். அதே கோடையில் வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலம், மறுபாதி கெட்டிப் பச்சை. ஆயிரம் பக்க அறிக்கை செய்யாததை அந்த ஒரு படம் செய்தது என்பேன். கனடா 1970-லேயே சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தத் தொடங்கியிருந்தது. தயங்கி நின்ற அமெரிக்க மாநிலங்களில் நடந்த விவாதங்களில் இப்படம் சாட்சியாக வைக்கப்பட்டது.

இத்தனைக்குப் பின்னும் 2012-ல் கனடா மத்திய அரசு இந்த ஆய்வுத் தலத்தைக் கைவிட முடிவு செய்தது. எதிர்ப்பு வலுத்தது. 2014-ல் வின்னிபெக் நகரிலுள்ள ஒரு சுயேச்சை நிறுவனம் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கியது.

பாஸ்பரஸ் இடுவதை நிறுத்தியதும் 226-ஆம் ஏரியின் பச்சை விலகியது. அருகிலுள்ள 227-ஆம் ஏரி, பன்னிரண்டே ஏக்கர், வேறு கதை. அதற்கு 1969 முதல் ஆண்டுதோறும் பாஸ்பரஸ் இட்டு வந்தனர்; 2019-ல் அது அரை நூற்றாண்டை எட்டியது. 1990 முதல் நைட்ரஜன் இடுவதை அடியோடு நிறுத்திப் பார்த்தனர். பாசி அதனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டது. சுற்றிலுமுள்ள ஏரிகள் தெளிந்து கிடக்க, அது மட்டும் கோடைதோறும் பச்சையாகவே பூத்து வந்தது.