பனிச் சிறையில் ஒரு வாரம்

"உங்கள் பெண் எந்த ஊரில் இருக்கிறாள்?" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் கொஞ்சம் தயங்குவேன். பஃபலோ! நம் பாஷையில் எருமை அல்லவா? "எமதர்மராஜனுடைய வாகனத்தைப் போயா ஊருக்குப் பெயராக வைப்பார்கள்?" என்று என் மாமியார் முகத்தைச் சுளித்தார். 2022-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், பெண்ணின் பிரசவத்துக்காக நான் அந்த ஊருக்குப் போனேன்.

பெட்டியில் மிளகு, சுக்கு, பிரசவ லேகியம் எல்லாவற்றுடனும் ஒரு நைலான் கொடிக் கயிறும் கொண்டு போயிருந்தேன். அதைப் பார்த்துப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தக் குளிரிலே துணி காயப் போடப் போறியா, அம்மா?" என்றாள்.

நியூயார்க் மாகாணத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது பஃபலோ. ஏரி என்றதும் நம் செம்பரம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இதன் நீளம் ஏறக்குறைய 240 மைல்! எல்லா விஷமமும் இந்த ஏரியால்தான் என்றார் மாப்பிள்ளை. கோடையில் சூடேறிய நீர் டிசம்பரிலும் முழுக்க ஆறிவிடுவதில்லை. குளிர்ந்த காற்று அதன் மேல் ஓடி வரும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கரையேறியதும் அதைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஏரி உறைந்துவிட்டாலாவது நிம்மதி உண்டா? 1977 ஜனவரியில் ஏரி உறைந்துதான் கிடந்தது. அதன் மேல் குவிந்திருந்த பனியைக் காற்று வாரி வந்து ஊர் மேல் போட்டது. அப்போது 29 பேர் மாண்டார்கள்.

டிசம்பர் 22-ஆம் தேதி பக்கத்து வீட்டு அம்மாள் வந்தாள். எழுபது வயசுக்கு மேல் இருக்கும், தனியாக வசிப்பவள். "குழாய்களைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் நீர் உறைந்து குழாய் வெடிக்கும். குழந்தைக்கு வேண்டியதை எல்லாம் இன்றே வாங்கிவிடுங்கள். நாளை காரைத் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் தூறிய மழை சற்றைக்கெல்லாம் பனியாக மாறியது. மணிக்கு 70 மைல் வேகத்தில் காற்று! ஜன்னலுக்கு வெளியே தெருவைக் காணோம், எதிர் வீட்டைக் காணோம். எங்கும் ஒரே வெண்மை. வண்டி ஓட்டக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டுவிட்டது.

சாயங்காலம் மின்சாரம் போயிற்று. வீட்டைச் சூடாக்குவது காஸ்தான். ஆனால் சூட்டை அறைகளுக்கு அனுப்பும் விசிறி மின்சாரத்தில் அல்லவா ஓடுகிறது! இரண்டு மணி நேரத்தில் வீடு குளிர்ந்துவிட்டது. குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது.

எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது. தோட்டத்திலிருந்த கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து மூட்டலாம் என்றேன். "வேண்டாம் மாமி! மூடிய வீட்டில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனைகூடக் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்" என்றார் மாப்பிள்ளை. "அப்படியானால் காரை எடுங்கள். இரண்டு மைலில் உங்கள் சிநேகிதர் வீடு இருக்கிறதே!" என்று பிடிவாதம் பிடித்தேன். பாவம், என் பேச்சைத் தட்ட முடியாமல் பனியை வெட்டி வழி செய்ய வெளியே போனார். பத்தடி போனதும் அவருக்குத் தம் வீடே தெரியவில்லையாம். வேலியைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தபோது புருவமெல்லாம் பனி. இவரைத்தானே அனுப்பினோம் என்று என் வயிறு கலங்கியது.

அப்போது டெலிபோன் மணி அடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள்தான். "என் வீட்டில் விறகு எரிக்கும் கணப்பு இருக்கிறது. எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள்."

இருபது அடி தூரம்தான். அதை எப்படிக் கடப்பது? என் கொடிக் கயிறு நினைவுக்கு வந்தது! ஒரு நுனியை எங்கள் வாசல் தூணில் கட்டி, மறு நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை முதலில் போய் அந்த வீட்டுத் தூணில் கட்டினார். பிறகு குழந்தையைத் தம் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். பின்னால் பெண்ணும் நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

ஞாயிறு இரவு மின்சாரம் வரும் வரையில் அங்கேதான் வாசம். காஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்ற வைத்து மிளகு ரசம் வைத்தேன். அந்த அம்மாள் அதைக் கிண்ணத்தில் ஊற்றி, "இது என்ன சூப்?" என்று கேட்டு மூன்று தடவை வாங்கிக் குடித்தாள்!

எங்களைப் போலப் பலருக்குக் கதவுகள் திறந்தன. நயாகரா பார்க்கக் கிளம்பிய கொரியா நாட்டார் ஒன்பது பேரும் அவர்கள் டிரைவரும் வழியில் பனியில் சிக்கி, மண்வாரி கேட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்களாம். அந்தத் தம்பதி உள்ளே அழைத்துத் தங்க வைத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டாருக்குக் கொரியச் சமையல் என்றால் உயிர். சாமான்களெல்லாம் தயாராக இருந்தன!

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸுகளும்கூட வழியில் சிக்கிக்கொண்டன. 40 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். சிலர் காருக்குள்ளேயே, சிலர் குளிர்ந்த வீட்டில், சிலர் பனியை வெட்டும்போது மாரடைத்து. பத்திரிகையில் அதைப் படித்தபோது, "காரை எடுங்கள்" என்று நான் சொன்ன வார்த்தை என் காதிலேயே ஒலித்தது.

விமான நிலையத்தில் விழுந்த பனி மட்டும் சுமார் 52 அங்குலம். நகரத்தில் 29-ஆம் தேதிதான் தடை நீங்கியது. அன்று காரில் கம்பளி, மண்வாரி, ஒரு மூட்டை மணல் எல்லாம் ஏற்றினார் மாப்பிள்ளை. சக்கரம் வழுக்கினால் அதன் அடியில் மணலைத் தூவ வேண்டும். பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. பனியில் கார் புதைந்துவிட்டால், புகைக் குழாயின் வாய் அடைபடாமல் பார்த்துக்கொண்ட பிறகுதான் எஞ்சினை ஓட்டலாம். இல்லாவிட்டால் அதே விஷவாயு உள்ளே வந்துவிடும். "இதெல்லாம் இரண்டாம் பாடம், புயலன்று வெளியே கிளம்பாமல் இருப்பதுதான் முதல் பாடம்" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள்.

ஊருக்குக் கிளம்பும் தினம், கயிற்றை அவிழ்க்கப் போனேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். "அது அப்படியே இருக்கட்டும். அடுத்த குளிர்காலம் வராமலா போகும்?" என்றாள்.