மாமனார் பூசிய சுவர்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கட்டின வீட்டைப் பழுது பார் என்று ஏன் யாரும் சேர்த்துச் சொல்லவில்லையோ! போன வருஷம் எங்கள் வீட்டு மேற்குச் சுவரை உரித்துப் பூசி முடிப்பதற்குள் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கிராமம். இவருடைய தாத்தா 1936-ல் கட்டிய வீடு. ஒன்றரை அடி கனத்துக்குச் சுவர், மேலே சுண்ணாம்புக் காரை. மற்ற மூன்று பக்கமும் வயதுக்கேற்ற சுருக்கங்களோடு நன்றாகவே நின்றன. மேற்குச் சுவர்தான் நோயாளி. வெளியே பார்த்தால் வழவழவென்று சிமெண்டுப் பூச்சு. உள்ளே இடுப்பளவுக்கு ஓதம். வெள்ளையடித்த மூன்றாம் மாதமே உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். மழைக்காலத்தில் பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். அந்த அறையில்தான் என் சின்னப் பெண் படிப்பதும் படுப்பதும். ஐப்பசி பிறந்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். "படுக்கிற ரூமில் சுவர் ஈரமா இருக்குமா?" என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

வயதான கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தார். பல இடங்களில் டொப் டொப் என்று சத்தம். "அம்மா, இது சுவரை விட்டு எப்பவோ கழண்டு போச்சு" என்றார். அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஓதத் தடுப்பு கிடையாது. மண்ணில் உள்ள ஈரம் சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆற விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிட்டதால் ஈரம் உள்பக்கம் திரும்பிவிட்டதாம். "ரெயின்கோட்டு போட்டுக்கிட்டு நாத்து நட்டா உள்ளுக்குள்ளயே வேர்த்து நனைஞ்சிடுமில்ல, அது மாதிரிதான்" என்றார்.

விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அத்தையிடம் யார் சொல்வது? அந்தச் சிமெண்டுப் பூச்சு, 2009-ல் மாமா ஓய்வுபெற்று வந்த பணத்தில் ஆசை ஆசையாகப் போட்டது. ஈரம் காய்வதற்குள் ஓர் ஆணியால் வருஷத்தைக்கூட எழுதி வைத்தார். இப்போது மாமா இல்லை. இவர் மெதுவாகப் பேச்செடுத்ததும், "நான் கண்ணை மூடின பிறகு உரிச்சுக்குங்க" என்று எழுந்து போய்விட்டார் அத்தை. பதினைந்து நாள் அந்தப் பேச்சே இல்லை. பிறகு ஒரு ராத்திரி பெண்ணுக்கு இழுப்பு அதிகமாகி, விடிய விடிய அத்தைதான் அவளை மார்பில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் காப்பியைக் கையில் வாங்கியபடியே, "கொத்தனாருக்கு ஆள் அனுப்பு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வேலை பூச்சிலிருந்து தொடங்கவில்லை, தண்ணீரிலிருந்து தொடங்கியது. குளியலறைத் தண்ணீர் சுவரோரமாகவே ஓடிக்கொண்டிருந்தது, அதைத் திருப்பிவிட்டோம். இன்னொரு குற்றவாளி நானேதான்! கனகாம்பரத்துக்கும் செம்பருத்திக்கும் என்று சுவரை ஒட்டி ஓரடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, தினமும் தண்ணீர் ஊற்றி வந்தேனே! அத்தனையும் வெட்டி எடுத்தாயிற்று. தை மாதம் சிமெண்டைக் கொத்தி எடுத்து, உப்பைத் தேய்த்துத் தள்ளி, ஒரு மாதத்துக்கு மேல் சுவரைச் சும்மா காய விட்டார்கள். செங்கல் தெரிய நின்ற வீட்டைப் பார்த்துப் போவோர் வருவோர் எல்லாம் துக்கம் விசாரித்தார்கள்.

பங்குனியில் பூச்சு. சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டதும் உலை மாதிரி தளதளவென்று கொதிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுச் சகோதரிகளே, அந்தப் பக்கம் அவர்களை விடவே விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். கடுக்காயைத் தட்டி, வெல்லத்தோடு ஊற வைத்த தண்ணீரைத்தான் கலவையில் சேர்த்தார்கள். அது புளித்து அடித்த வாடைக்கு, பக்கத்து வீட்டு அம்மாள், "என்ன, சாராயம் காய்ச்சறீங்களா?" என்று கேட்டே விட்டார்.

சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் நனைத்த கோணிகளைச் சுவரில் தொங்கவிட்டு, நானும் அத்தையும் மாற்றி மாற்றித் தண்ணீர் தெளித்தோம். மேலுக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான்; பெயிண்டு வேண்டாம் என்று கொத்தனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூலி சிமெண்டு வேலையைவிட அதிகம். என் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின, இன்னும் மீட்கவில்லை.

இந்த ஐப்பசியில் பெண்ணுக்கு இரண்டு தடவைதான் இழுப்பு வந்தது. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தவில்லை. சுவரில் குளியலறை மூலையில் மட்டும் கையகலத்துக்கு ஈரம் தெரிகிறது. அந்தக் குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

மாமா வருஷம் எழுதிய துண்டை உடைக்காமல் எடுத்துத் தரும்படி அத்தை கேட்டிருந்தார். உளியை வைத்து நெம்பியதுமே அது அப்பளம் மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. கிணற்றடித் துளசி மாடத்தில் சாய்த்து வைத்திருக்கிறார். கோலம் போடும்போது அதற்கும் நாலு புள்ளி வைக்கிறார்.